விமான வடிவமைப்பிற் கணனி மென்பொருளின் தெரிவு: ஒரு வரலாற்று நோக்கு

பொறியியலின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் கருவிகளின் வரலாற்றையே எழுதி முடிக்கின்றனர். எக்கருவி எவ்வாண்டிலே தோன்றியது, அதனை ஆக்கியவர் யார், அதனால் வேலை எவ்வளவு விரைவாயிற்று என்பன அவ்வரலாறுகளில் விரிவாக இடம்பெறும். ஒன்றுக்கு மேற்பட்ட கருவிகள் முன்னிருந்தபோது, ஒன்றை ஏற்று மற்றொன்றை விலக்கும் முடிவை எடுத்தவர் யார், அம்முடிவை எடுக்கும் அதிகாரம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்னும் வினாக்கள் அருகியே எழுப்பப்படுகின்றன. கணனிவழி வடிவமைப்பு மென்பொருள்களைப் பொறுத்தவரை இக்குறை மிகுதி. எது சிறந்தது, எதனைக் கற்பது எளிது, எதன் விலை குறைவு என்ற அளவிலேயே அவற்றின் ஒப்பீடு நின்றுவிடுகின்றது. பெரும் விமானக் கம்பனிகள் இரண்டின் அனுபவத்தை அருகருகே வைத்து நோக்கும்போது, இத்தகைய ஒப்பீடு எத்துணை போதாதது என்பது தெளிவாகும். அவ்விரு கம்பனிகளும் ஏறத்தாழ ஒரே மென்பொருளையே தெரிந்தெடுத்தன. ஒன்று அதனாற் பெரும்பயன் பெற்றது. மற்றையது அதே மென்பொருளின் இரு பதிப்புகளுக்கிடையே சிக்கி, பல நூறு கோடி யூரோவை இழந்தது.

கணனி வருமுன்னர் விமானத்தின் வடிவம் தரையிலே பிறந்தது. கப்பல் கட்டுவோரிடமிருந்து பெற்ற வழக்கப்படி, விசாலமான மண்டபங்களின் தளத்திலே உடற்பகுதியினதும் இறக்கையினதும் வளைகோடுகளை முழு அளவில் வரைந்து, அவற்றிலிருந்து அச்சுகளை வெட்டினர். பகுதிகள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வரைபடம் உண்டு. 1969 இல் முதன்முதற் பறந்த போயிங் 747 விமானத்துக்கு ஏறத்தாழ 75,000 வரைபடங்கள் தேவைப்பட்டன. வரைபடம் தட்டையானது, விமானமோ முப்பரிமாணமுடையது. குழாய் வரைந்தவரும் கம்பி வரைந்தவரும் தத்தம் தாளிலே பிழையின்றி வரைந்திருப்பர். ஆயினும் விமானத்தினுள்ளே குழாயும் கம்பியும் ஒரே இடத்துக்குப் போட்டியிடும். இதனைக் கண்டறிவதற்காகவே மரத்தாலும் உலோகத்தாலும் முழு அளவு மாதிரிகளைக் கட்டிப் பார்த்தனர். அவ்வாறு பார்த்தும் எஞ்சிய முரண்பாடுகள் பொருத்தும் தளத்திலேதான் வெளிப்பட்டன. அங்கே தொழிலாளர் அரத்தாலும் சுத்தியலாலும் அவற்றைத் தீர்த்தனர். பொறியியலாளரின் பிழைகளைப் பெயரற்ற தொழிலாளர் திருத்திய இந்த மரபுக்கு எவரும் வரலாறு எழுதியதாகத் தெரியவில்லை.

கணனித் திரையில் வரைதல் என்னும் எண்ணத்துக்குச் செயலுருக் கொடுத்தோருள் ஐவன் சதர்லாந்து முதன்மையானவர். மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்திற் கலாநிதிப் பட்டத்துக்காக அவர் 1963 இல் ஆக்கிய 'ஸ்கெச்பாட்', ஒளிப்பேனாவாற் திரையிலே கோடு வரையவும், வரைந்த கோடுகளுக்கிடையிலான தொடர்புகளைக் கணனி நினைவில் வைத்திருக்கவும் வழிசெய்தது. ஏறத்தாழ அதே காலத்திற் பிரான்சின் மோட்டார் வாகனத் தொழிற்சாலைகளில் வேறொரு பிரச்சினை தீர்வு கண்டுகொண்டிருந்தது. வளைந்த மேற்பரப்பொன்றைக் கணனி விளங்கிக்கொள்ளும் எண்களாக மாற்றுவது எவ்வாறு என்பதே அது. சித்ரொயென் கம்பனியிற் பணியாற்றிய போல் டி கஸ்தல்யோ 1959 அளவிலேயே இதற்கு வழி கண்டார். ஆனால் கம்பனி அதனை இரகசியமாக வைத்துக்கொண்டது. ரெனோ கம்பனியின் பியர் பெசியே தாமாகவே அதனையொத்த முறையைக் கண்டு 1960களில் வெளியிட்டார். இன்று உலகெங்கும் அவ்வளைகோடுகள் பெசியேயின் பெயராலேயே வழங்குகின்றன. இரகசியம் காத்த கம்பனிக்கு அந்த இரகசியத்தால் விளைந்த நன்மை யாதென்பது ஆராயத்தக்கது.

இவ்வடித்தளத்தின் மீது எழுந்த மென்பொருள்கள் பலவும் விமானக் கம்பனிகளின் உள்ளேயே வளர்ந்தன என்பது கவனத்துக்குரியது. அமெரிக்காவின் லொக்ஹீட் தனது தேவைக்காக 'கடாம்' என்னும் இருபரிமாண வரைதல் முறைமையை ஆக்கிப் பின்னர் பிறருக்கும் விற்றது. மக்டொனல் டக்ளஸ் 1976 இல் 'யூனிகிராபிக்ஸ்' முறைமையை ஆக்கிய கம்பனியைத் தனதாக்கிக்கொண்டது. பிரான்சின் போர்விமானக் கம்பனியான டசோ, 1970களின் நடுப்பகுதியிற் கடாமை விலைக்கு வாங்கியது. இருபரிமாண வரைபுடன் நிறைவடையாத அதன் பொறியியலாளர், பிரான்சிஸ் பெர்னார் தலைமையில் 1977 இல் முப்பரிமாண மேற்பரப்புகளை வடிவமைக்கும் முறைமையொன்றை எழுதத் தொடங்கினர். காற்றுச்சுரங்கத்திற் சோதிக்கப்படும் மாதிரிகளைக் கணனியில் வடிவமைத்து நேரடியாக இயந்திரத்தால் வெட்டியெடுப்பதே அவர்களது உடனடி நோக்கம். 'கற்றியா' என்று பெயர்பெற்ற அம்முறைமையை விற்பதற்கென 1981 இல் டசோ சிஸ்ரெம்ஸ் என்னும் தனிக் கம்பனி நிறுவப்பட்டது. விற்பனைப் பொறுப்பை ஐ.பி.எம். ஏற்றது. விமானம் கட்டுவோர் விமானம் கட்டுவோருக்காக எழுதிய மென்பொருள் என்பதே கற்றியாவின் முதற் சிறப்பு.

இந்நிலையிற் சந்தைக்கு வந்த ஒவ்வொரு முறைமையும் தனக்கேயுரிய முறையிற் கேத்திரகணிதத்தைச் சேமித்தது. ஒன்றில் வரைந்ததை மற்றொன்றிற் திறக்கமுடியாது. இதனாலேற்பட்ட இடர் அமெரிக்க விமானப்படை போன்ற பெரும் நுகர்வோரைத் தாக்கியதன் விளைவாக, போயிங், ஜெனரல் எலெக்ரிக் ஆகிய கம்பனிகளின் பங்களிப்புடன் 'ஐஜெஸ்' என்னும் பொதுப் பரிமாற்ற வடிவம் வரையறுக்கப்பட்டு 1980 இல் வெளியிடப்பட்டது. அதன் குறைகளைக் களையும் பொருட்டுச் சர்வதேச நியம நிறுவனம் 1984 இல் தொடங்கிய முயற்சி, 'ஸ்ரெப்' என்னும் நியமமாக 1994 இலேயே முதன்முறை வெளிவந்தது. பரிமாற்ற நியமங்கள் இரண்டு மென்பொருள்களுக்கிடையே ஓர் உருவத்தைக் கொண்டு செல்ல வல்லவை. அவ்வுருவம் எவ்வாறு ஆக்கப்பட்டது, எந்த அளவை மாற்றினால் எவையெவை கூடவே மாறவேண்டும் என்னும் உள்ளுறவுகளை முழுமையாகக் கொண்டு செல்வது அவற்றுக்கு நெடுங்காலம் இயலாததாகவே இருந்தது. கவிதையின் பொருளைக் கூறிவிடலாம், யாப்பைக் கொண்டுசெல்லல் அரிது என்பதை மொழிபெயர்ப்பிலே பயின்றோர் இதனை எளிதில் விளங்கிக்கொள்வர்.

1984 இற் போயிங் கம்பனி கற்றியாவைத் தனது முதன்மையான முப்பரிமாண வடிவமைப்பு முறைமையாகத் தெரிந்தெடுத்தது. இத்தெரிவிலே சுவையான முரண் ஒன்று உண்டு. கடாம் லொக்ஹீட்டின் பிள்ளை. யூனிகிராபிக்ஸ் மக்டொனல் டக்ளசின் உடைமை. இரண்டுமே போயிங்கின் உள்நாட்டுப் போட்டியாளர்கள். கற்றியா பிரான்சிலிருந்து வந்தது. போயிங்கின் வெளிநாட்டுப் போட்டியாளரான எயார்பஸ் கூட்டமைப்பின் முதன்மைப் பங்காளரும் பிரெஞ்சுக்காரரே. எனினும் டசோ போர்விமானங்களையும் சிறு விமானங்களையுமே கட்டியது. பெரும் பயணிகள் விமானச் சந்தையில் அதற்கு இடமில்லை. இவ்வாறாக, அமெரிக்க விமானத் தொழிலின் தலைமைக் கம்பனி பிரெஞ்சு மென்பொருளின் மிகப்பெரும் வாடிக்கையாளராயிற்று.

இத்தெரிவின் முழுப்பொருளும் வெளிப்படுவதற்கு 777 விமானத் திட்டம் வரை காத்திருக்கவேண்டியிருந்தது. யுனைற்றெட் எயார்லைன்ஸ் கட்டளை வழங்கியதையடுத்து 1990 ஒக்டோபரில் அத்திட்டம் தொடங்கியது. முதலிற் பில் கொண்டிற்றும் பின்னர் அலன் முலாலியும் அதற்குத் தலைமை தாங்கினர். விமானம் முழுவதையும் கணனியிலேயே வடிவமைப்பதென்றும், பகுதிகளைக் கணனியினுள்ளேயே பொருத்திப் பார்ப்பதென்றும் போயிங் துணிந்தது. உச்சநிலையில் 2,200 வேலைநிலையங்கள் எட்டுப் பெருங்கணனிகளுடன் இணைக்கப்பட்டிருந்தன. வடிவமைப்போரையும் உற்பத்தி செய்வோரையும் ஒரே மேசையிலிருத்தும் வகையில் 238 குழுக்கள் அமைக்கப்பட்டன. குறித்த காலவெல்லைகளில் வடிவமைப்பை அப்படியே நிறுத்தி, எப்பகுதி எப்பகுதியினுள்ளே நுழைகின்றது என்று கணனியைக்கொண்டு தேடிக் கண்டு, அம்முரண்பாடுகளைத் தீர்த்த பின்னரே அடுத்த கட்டத்துக்குச் செல்ல அனுமதித்தனர். பழுதுபார்ப்பவரின் கை உரிய இடத்துக்கு எட்டுமா என்பதையறியக் கணனியினுள்ளே மனித உருவொன்றும் உலாவியது.

போயிங்கின் தலைமையே இம்முறையை முற்றாக நம்பவில்லை என்பது இவ்வரலாற்றின் சிறந்த பகுதி. நம்பாமையின் பொருட்டு விமானத்தின் மூக்குப் பகுதிக்கு மாத்திரம் பழைய முறையில் முழு அளவு மாதிரி கட்டினர். அது கணனி கூறியவாறே அமைந்துவிட்டதைக் கண்ட பின்னரே ஏனைய மாதிரிகளைக் கைவிட்டனர். முதலாவது 777 பொருத்தப்பட்டபோது, அதன் அமைவு எதிர்பார்த்த நேர்கோட்டிலிருந்து 0.023 அங்குலம், அதாவது ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவாகவே விலகியிருந்தது. முன்னைய விமானங்களில் அரை அங்குலம்வரை விலகல் இயல்பாகக் கருதப்பட்டது. 1994 ஜூன் 12 ஆந் திகதி முதன்முறை பறந்த அவ்விமானம் 1995 ஜூனிற் சேவைக்கு வந்தது.

இவ்வெற்றியைக் கற்றியாவின் வெற்றியென்று எழுதுவோர் பலர். ஓரளவுக்கு அது சரியே. ஆனால் 777 இன் உடற்பகுதியிற் பெரும் பங்கினை யப்பானின் மிற்சுபிசி, கவாசாகி, பூஜி ஆகிய கம்பனிகள் செய்தன என்பதையும், பசுபிக் சமுத்திரத்தைக் கடந்த தரவுத் தொடர்பின் மூலம் போயிங்கின் பெருங்கணனிகளிலுள்ள அதே மாதிரியுருவையே அவையும் பார்த்தன என்பதையும் சேர்த்து நோக்கவேண்டும். எந்த முறைமையில் வரைவதென்று அவை போயிங்குடன் தர்க்கிக்கவில்லை. வேலை கொடுப்பவர் விதித்ததை வேலை பெறுபவர் ஏற்றனர். மென்பொருளின் ஒருமைப்பாட்டுக்குப் பின்னால் அதிகாரத்தின் ஒருமைப்பாடு இருந்தது. யப்பானியப் பங்காளருக்கு மனக்குறை இருந்ததா இல்லையா என்பது வேறு விடயம். முடிவு ஓரிடத்தில் எடுக்கப்பட்டது என்பதே இங்கு முக்கியமானது.

எயார்பஸ்ஸின் கதை இதற்கு நேர்மாறானது. அது கம்பனியாகப் பிறந்ததன்று. பிரெஞ்சு, ஜேர்மன் கம்பனிகள் 1970 இல் அமைத்த கூட்டமைப்பிலே ஸ்பெயின் அடுத்த ஆண்டும், பிரித்தானியா 1979 இலும் முழுப் பங்காளராகச் சேர்ந்தன. இறக்கைகள் பிரித்தானியாவிலும், உடற்பகுதியிற் பெரும் பங்கு ஜேர்மனியிலும், விமானி அறையும் நடுப்பகுதியும் பிரான்சிலும், வாற்பகுதி ஸ்பெயினிலும் செய்யப்பட்டன. இப்பங்கீடு பொறியியற் காரணங்களால் மாத்திரம் ஏற்பட்டதன்று. நான்கு அரசாங்கங்கள் தத்தம் நாட்டின் வேலைவாய்ப்பையும் திறனையும் காக்க விழைந்ததன் விளைவு அது. ஒவ்வொரு நாட்டுப் பங்காளரும் தமக்கேயுரிய தொழிற்சாலை, தமக்கேயுரிய பொறியியல் மரபு, தமக்கேயுரிய கணனி முறைமை ஆகியவற்றைப் பேணினர். கூட்டமைப்பு சட்டப்படி ஒரே கம்பனியானது 2001 இலேயே. ஏ380 என்னும் இரண்டு தட்டு விமானத்தைக் கட்டும் முடிவோ 2000 டிசெம்பரில் எடுக்கப்பட்டுவிட்டது. உலகின் மிகப்பெரும் பயணிகள் விமானத்தை வடிவமைக்கும் வேலையும், நான்கு கம்பனிகளை ஒன்றாக்கும் வேலையும் ஒரே வேளையிற் தொடங்கின.

கற்றியா மென்பொருளும் அதே ஆண்டுகளில் ஒரு திருப்பத்தில் நின்றது. 1993 இல் வெளிவந்த அதன் நான்காம் பதிப்பு, யூனிக்ஸ் வேலைநிலையங்களில் நன்கு நிலைபெற்று, விமான, மோட்டார் வாகனத் தொழில்களில் நம்பிக்கை பெற்றிருந்தது. 1990களின் இறுதியில் வந்த ஐந்தாம் பதிப்பு, பெயரளவில் அதன் தொடர்ச்சியாயினும் உண்மையில் அடியிலிருந்து புதிதாக எழுதப்பட்டது. சாதாரண விண்டோஸ் கணனிகளிலும் இயங்கியது. நான்காம் பதிப்பிற் செய்த உருவங்களை ஐந்தாம் பதிப்பிற் பார்க்கமுடியும். அவற்றின் உள்ளுறவுகளை இழப்பின்றி எடுத்துச் செல்லவோ, இங்கும் அங்குமாக மாறிமாறித் திருத்தவோ முடியாது. ஒரே பெயரைக் கொண்ட இரு மென்பொருள்கள் என்பதே உண்மை நிலை. வெவ்வேறு பெயர்களைக் கொண்டிருந்தால் அபாயம் ஒருவேளை முன்னரே புலப்பட்டிருக்கும்.

ஏ380 திட்டத்திற் பிரெஞ்சு, பிரித்தானியத் தளங்கள் ஐந்தாம் பதிப்புக்கு மாறின. ஜேர்மன், ஸ்பானியத் தளங்கள் நான்காம் பதிப்பிலேயே தொடர்ந்தன. ஹம்பேர்க் பொறியியலாளரை மூடரென்று கூறிவிடுவது எளிது. பின்னாளிற் சிலர் அவ்வாறே கூறவுஞ் செய்தனர். அது நியாயமன்று. 2000 ஆம் ஆண்டளவில் நான்காம் பதிப்பு பரீட்சிக்கப்பட்டது. ஐந்தாம் பதிப்போ சில ஆண்டுகளே நிரம்பிய புதுமை. பயிற்சிபெற்ற ஆட்கள், சேர்த்துவைத்த தரவுகள், பழகிய வேலைமுறை அனைத்தும் நான்காம் பதிப்பின் பக்கமே இருந்தன. பெருந்திட்டமொன்று தொடங்கும் வேளையிற் பரீட்சிக்கப்படாத கருவியை ஏற்க மறுப்பது எந்தப் பொறியியற் பீடத்திலும் விவேகமென்றே போதிக்கப்படும். துலூஸ் பொறியியலாளருக்கும் அவர்களளவில் வலுவான நியாயம் உண்டு. இத்துணைப் பெரிய விமானத்துக்குப் பழைய பதிப்பு போதாதென்பதும், ஆண்டுகள் பல நீடிக்கப்போகும் திட்டத்தை மறைந்துகொண்டிருக்கும் கருவியில் தொடங்கலாகாதென்பதும் அவர்கள் பக்க நியாயம். இரு தெரிவுகளும் தனித்தனியே நோக்கும்போது சரியானவையே. இரண்டும் ஒரே விமானத்தினுள்ளே சந்திக்கவேண்டியிருந்தமையே வினையாயிற்று. அவற்றுள் ஒன்றை விலக்கும்படி கட்டளையிடும் துணிவோ வலிமையோ மேலிடத்தில் இருந்தவர்களிடம் இருக்கவில்லை. ஒரு பதிப்பைத் தெரிவது ஒரு நாட்டைத் தெரிவதாகப் பொருள்கொள்ளப்படும் நிலையில், தெரியாதிருப்பதே சமாதானத்துக்கு வழியென அவர்கள் கருதினர் போலும்.

சந்திப்பு மின்கம்பிகளில் நிகழ்ந்தது. ஒரு ஏ380 விமானத்தினுள்ளே ஏறத்தாழ 530 கிலோமீற்றர் நீளமான கம்பி ஓடுகின்றது. தனிக்கம்பிகள் ஏறக்குறைய ஒரு இலட்சம், இணைப்பிகள் நாற்பதினாயிரம். நிறையைக் குறைக்கும் பொருட்டுப் பல இடங்களிற் செப்புக்குப் பதிலாக அலுமினியம் பயன்படுத்தப்பட்டது. அதே மின்னோட்டத்தைக் கடத்துவதற்கு அலுமினியக் கம்பி செப்புக் கம்பியிலும் தடிப்பாக இருக்கவேண்டும். கூர்மையாக வளைத்தால் அது பழுதுறும். ஆகவே வளைவுகளின் ஆரை கூடும். ஆரை கூட, கம்பி செல்லும் பாதையும் அதன் நீளமும் மாறும். இவ்விதிகளைத் தாமாகவே கணக்கிற்கொண்டு கம்பிக் கற்றைகளை முப்பரிமாணத்திலே கொண்டுசெல்லும் வசதி இரு பதிப்புகளிலும் ஒரே தரத்தில் இருக்கவில்லை. அன்றியும் விமானக் கம்பனிகள் தத்தம் இருக்கைகளையும் திரைப்படக் கருவிகளையும் வெவ்வேறாகக் கோரியமையால், கம்பி அமைப்பு ஓயாமல் மாறிக்கொண்டிருந்தது. துலூசில் ஒரு தாங்கி இடம்பெயர்ந்தால் ஹம்பேர்க்கிலுள்ள மாதிரியுருவில் அது உடனே இடம்பெயரவில்லை. ஒரு வளைவிலே சில மில்லிமீற்றர். நூற்றுக்கணக்கான வளைவுகளில் அது சில சென்ரிமீற்றர்.

ஏ380 இன் பெரும்பகுதிகள் துலூசைச் சென்றடைந்த விதம் ஒரு விழாவைப் போன்றது. ஹம்பேர்க்கிலிருந்து கப்பல் மூலம் பிரான்சின் மேற்குக் கரையிலுள்ள போயாக்குக்கும், அங்கிருந்து கரோன் ஆற்றின் வழியே படகில் லாங்கோனுக்கும், பின்னர் இரவு வேளையில் அகலமாக்கப்பட்ட வீதிகளிலே கிராமங்களினூடாகப் பிரமாண்டமான ஊர்திகளிலும் அவை சென்றன. அத்தூரத்தையும் அப்பருமனையும் வெல்வதற்கு அரசாங்கங்கள் துறைமுகங்களையும் பாதைகளையும் கட்டின. ஒரு கோப்பினை இழப்பின்றி அதே இரு நகரங்களுக்கிடையே அனுப்புவதற்கான வழி மாத்திரம் கட்டப்படவில்லை. உடற்பகுதிகளுடன் வந்த கம்பிக் கற்றைகளைத் தொழிலாளர் இழுத்து இணைக்க முற்பட்டபோது அவை எட்டவில்லை. பெரிதாக ஒன்றுமில்லை, சில சென்ரிமீற்றரே குறைந்தன. கம்பியோ இழுத்தால் நீள்வதன்று.

விமானம் 2005 ஏப்பிரல் 27 ஆந் திகதி வெற்றியுடன் முதன்முறை பறந்தது. சோதனை விமானங்களிற் பயணிகளுக்கான முழுக் கம்பி அமைப்பும் இல்லாமையால் நோய் வெளியே தெரியவில்லை. தாமதங்கள் ஒவ்வொன்றாக அறிவிக்கப்பட்டன. 2006 ஜூன் நடுப்பகுதியில் இரண்டாவது தாமதம் அறிவிக்கப்பட்ட மறுநாள், தாய்க் கம்பனியான ஈ.ஏ.டி.எஸ். இன் பங்கு விலை ஒரே நாளில் 26 வீதம் வீழ்ந்தது. ஜூலை 2 ஆந் திகதி அதன் இணைத்தலைவர் நொயெல் போர்ஜாரும் எயார்பஸ்ஸின் தலைவர் குஸ்தாவ் ஹூம்பேர்ட்டும் பதவி விலகினர். ஒருவர் பிரெஞ்சுக்காரர், மற்றவர் ஜேர்மனியர். விலகலிலும் சமநிலை பேணப்பட்டது. பின்வந்த கிறிஸ்தியான் ஸ்த்ரெய்ப் ஒக்டோபர் 3 ஆந் திகதி மூன்றாவது தாமதத்தை அறிவித்தார். கம்பிகளின் அமைப்பை வடிவமைக்க வேண்டிய முப்பரிமாண மாதிரியுரு உரிய காலத்தில் நடைமுறைக்கு வராமையே மூலகாரணம் என்று கம்பனி அப்போது ஒப்புக்கொண்டது. 2010 வரையிலான இழப்பு 480 கோடி யூரோ என மதிப்பிடப்பட்டது. ஒரு கிழமைக்குள் அவரும் விலக, லூயி கல்வா பொறுப்பேற்றார். எல்லாத் தளங்களுக்கும் ஒரே கருவிகள் என்பது அப்போதே கட்டளையாயிற்று. ஆறு ஆண்டுகளின் முன்னர் எடுத்திருக்கவேண்டிய முடிவு அது.

இதற்கான விலையைச் செலுத்தியோர் மென்பொருளைத் தெரிந்தோர் அல்லர். ஹம்பேர்க்கிலிருந்து பெருந்தொகையான தொழிலாளர் துலூசுக்குச் சென்று, தங்குவிடுதிகளிற் தங்கி, மாதக்கணக்கில் விமானங்களினுள்ளே குனிந்தும் படுத்தும் கம்பிகளைக் கழற்றி மீண்டும் இணைத்தனர். மொழியும் வேலைமுறையும் வேறுபட்ட இரு நாட்டுத் தொழிலாளர் ஒரே உடற்பகுதியினுள் நெருங்கி வேலைசெய்ய நேர்ந்தது. 2007 பெப்ரவரியில் 'பவர் 8' என்னும் திட்டத்தின் கீழ்ப் பத்தாயிரம் வேலைகளை ஒழிப்பதாகக் கம்பனி அறிவித்தது. டொலரின் வீழ்ச்சியும் புதிய ஏ350 விமானத்துக்கான செலவும் அதற்குக் காரணங்களாயினும், ஏ380 இன் இழப்பின்றி அத்துணைக் கடுமையான நடவடிக்கை அவ்வேளையில் வந்திருக்குமா என்பது ஐயமே. மார்ச் மாதத்திற் பிரான்சிலும் ஜேர்மனியிலும் தொழிலாளர் வீதிக்கு இறங்கினர். தமது தொழிற்சாலைக்கு நேர்ந்ததற்கு மற்ற நாட்டாரே காரணம் என்ற பேச்சும் இரு பக்கத்திலும் எழுந்தது. நான்கு அரசாங்கங்கள் பிணக்குத் தவிர்ப்பதற்காக ஒத்திவைத்த முடிவு, பிணக்காகவே தொழிலாளரிடம் வந்து சேர்ந்தது.

இதனைக்கொண்டு, எல்லோரும் ஒரே மென்பொருளைப் பயன்படுத்தினாற் போதும் என்று முடிவுகட்டுவதும் தவறாகும். போயிங்கின் 787 விமானத் திட்டம் அதற்குச் சான்று. அதன் உலகளாவிய பங்காளர் அனைவரும் கற்றியாவின் ஐந்தாம் பதிப்பையே பயன்படுத்தவேண்டுமென்று போயிங் விதித்தது. மாதிரியுருவிலே குறையில்லை. 2007 ஜூலை 8 ஆந் திகதி விமானம் ஆரவாரத்துடன் வெளியே கொண்டுவரப்பட்டது. ஆனால் அது முதன்முறை பறந்தது 2009 டிசெம்பர் 15 ஆந் திகதியே. வாடிக்கையாளரிடம் சேர்ந்ததோ 2011 இல், மூன்று ஆண்டுகளுக்கு மேற்பட்ட தாமதத்துடன். பொருத்தாணிகள் கிடைக்கவில்லை; பங்காளர் அனுப்பிய பகுதிகள் அரைகுறையாக வந்தன; வடிவமைக்கும் பொறுப்பையும் சேர்த்துப் பிறரிடம் ஒப்படைத்துவிட்ட போயிங்குக்கு அவற்றை மேற்பார்வை செய்யும் வலிமை குறைந்திருந்தது. 777 இல் மென்பொருளும் அதிகாரமும் பொறுப்பும் ஓரிடத்தில் இருந்தன. 787 இல் மென்பொருள் மாத்திரமே ஒன்றாயிருந்தது. இவ்விரு திட்டங்களும் ஒரே கம்பனியினுடையவை என்பதால், இதனைத் தேசிய குணவியல்பு பற்றிய பேச்சால் விளக்கிவிட முடியாது.

இன்னுமொரு பிரச்சினை இன்றும் தீர்ந்தபாடில்லை. விமானமொன்று முப்பது நாற்பது ஆண்டுகள் பறக்கும். மென்பொருட் பதிப்பொன்றின் ஆயுள் அதன் மூன்றிலொரு பங்கும் இராது. காகித வரைபடத்தை எவரும் எக்காலத்திலும் விரித்துப் பார்க்கலாம். வழக்கொழிந்த பதிப்பில் உள்ள மாதிரியுருவைத் திறப்பதற்கு அப்பதிப்பும் அதற்குரிய கணனியும் வேண்டும். இதன்பொருட்டுப் போயிங்கும் எயார்பஸ்ஸும் ஏனையோரும் சேர்ந்து 'லோற்றார்' என்னும் நீண்டகாலப் பேணல் நியமங்களை வகுத்து வந்துள்ளனர். சந்தையில் ஒன்றையொன்று எதிர்த்த கம்பனிகள், தம் இருவருக்கும் பொதுவான மென்பொருள் விற்பனையாளரைத் தாண்டித் தம் வடிவங்கள் வாழவேண்டும் என்னும் தேவையால் இங்கு ஒன்றுசேர்ந்தன.

ஏ380 இன் முதலாவது விமானம் 2007 ஒக்டோபர் 15 ஆந் திகதி சிங்கப்பூர் எயார்லைன்ஸிடம் கையளிக்கப்பட்டது. அவ்வாண்டு கையளிக்கப்பட்டது அது ஒன்றே. 2008 இல் 12, 2009 இல் 10, 2010 இல் 18. முதலிற் கட்டப்பட்ட ஏறத்தாழ 25 விமானங்களின் கம்பிகள் கையாலேயே திருத்தி இணைக்கப்பட்டவை. ஒத்திசைந்த மாதிரியுருவின்படி கட்டப்பட்டவை அவற்றின் பின்னரே வந்தன. 251 விமானங்களுடன் உற்பத்தி முடிந்து, இறுதி விமானம் 2021 டிசெம்பரில் எமிரேற்ஸ் கம்பனிக்குச் சென்றது. நான்கு எந்திரங்களைக் கொண்ட பெருவிமானத்துக்குச் சந்தை சுருங்கியமையே முடிவுக்குக் காரணம். கம்பிகளை அதற்குக் குற்றஞ்சாட்டுவதற்கில்லை. சிங்கப்பூர் எயார்லைன்ஸ் பெற்ற அந்த முதலாவது விமானம் பத்து ஆண்டுகள் பறந்த பின்னர் 2017 இற் சேவையிலிருந்து நீக்கப்பட்டது. வாங்க எவரும் முன்வராமையால், துலூசிலிருந்து அதிக தூரமில்லாத தார்ப் நகர விமான நிலையத்திற் பகுதி பகுதியாகக் கழற்றப்பட்டது. எந்திரங்களும் சக்கரங்களும் கருவிகளும் மறுபயனுக்காக எடுக்கப்பட்டன.